எட்டு வயது மகளுக்குக் கிறிஸ்தவ வரலாற்றுப் பாடத்திட்டம்: எதைத் தேர்ந்தெடுப்பது?

காப்பித்தோட்டத்து அம்மா (ஏற்காடு) கேட்டது:

அனைவருக்கும் ஸ்தோத்திரம். ஏற்காட்டிலிருந்து நாகலூர் செல்லும் வழியில் உள்ள ஒரு காப்பித் தோட்டத்தில் குடியிருக்கிறோம்; என் கணவர் அங்கே ரைட்டராக வேலை பார்க்கிறார். எட்டு வயதாகும் எங்கள் மகளை இந்த ஜூன் மாதத்திலிருந்து வீட்டிலேயே படிக்க வைக்கிறோம். கணக்குக்கும் மொழிப்பாடங்களுக்கும் நூல்கள் அமைந்துவிட்டன. வரலாறு மட்டும் பிடிகொடுக்காமல் நிற்கிறது.

நாங்கள் தேடுவது கிறிஸ்தவ நம்பிக்கையோடு பொருந்திய ஒரு பாடத்திட்டம். வேதாகமத்தில் வரும் அரசர்களும் உலக வரலாற்றில் வரும் அரசர்களும் ஒரே பூமியில் வாழ்ந்தவர்கள் என்பது குழந்தைக்குப் புரிய வேண்டும். ஓய்வுநாள் பள்ளியில் கேட்ட நேபுகாத்நேச்சார் ஒரு கதை மனிதராகவும், பாடநூலில் வரும் பாபிலோன் அவருக்குச் சம்பந்தமில்லாத வேறோர் ஊராகவும் அவள் மனத்தில் தங்கிவிடக் கூடாது.

சேலத்தில் எங்கள் சபையைச் சேர்ந்த ஒரு குடும்பத்தார், தங்கள் பிள்ளைகள் படித்து முடித்த ஓர் அமெரிக்கப் பதிப்பகத்தின் மூன்றாம் வகுப்பு நூலை அன்போடு கொடுத்தார்கள். அச்சும் படங்களும் கண்ணைப் பறித்தன. ஆங்கிலத்தில் படித்ததைத் தமிழில் எனக்குச் சொல்ல வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். இரண்டாம் பக்கத்திலேயே அவள் நின்றுவிட்டாள். "கப்பலில் அமெரிக்காவுக்கு வந்து இறங்கினவர்களை நம் முன்னோர்கள் என்று சொல்லவா, எங்கள் முன்னோர்கள் என்று சொல்லவா, அம்மா?" என்று கேட்டாள். ஆங்கிலத்தில் our என்று ஒரே சொல்லாக இருப்பது தமிழில் இரண்டாகப் பிரிகிறது, எதைச் சொன்னாலும் அது நமக்குப் பொருந்தாது என்பதை என்னைவிட முன்னதாகக் குழந்தை கண்டுகொண்டாள். "அவர்களுடைய முன்னோர்கள் என்று சொல்" என்றேன். அதற்குப் பிறகு அந்த நூலை அவளாக எடுக்கவில்லை.

எங்கள் ஐயங்கள் இவைதாம். பாடநூல் வடிவில் இருப்பது நல்லதா, கதையாக வாசித்துக் காட்டுவது நல்லதா? படைப்பிலிருந்து தொடங்கும் நூல்தான் வேண்டும் என்று என் கணவர் கருதுகிறார். திருச்சபையின் வரலாறு ஐரோப்பாவிலேயே நடந்து முடிந்தது என்று மகள் எண்ணிவிடுவாளோ என்பது என் அச்சம். பிற்காலத்தில் பொதுத்தேர்வு எழுத வேண்டியிருந்தால் இதெல்லாம் இடையூறாகுமா என்பதையும் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

அஸ்தம்பட்டித் தகப்பன் எழுதியது:

சகோதரிக்கு ஸ்தோத்திரம். இரண்டு பையன்களை ஆறு ஆண்டுகளாக வீட்டில் படிக்க வைத்து வருகிறோம். முதல் ஆண்டில் ஒரு முழுத் தொகுப்பை வெளிநாட்டிலிருந்து, சுங்கவரியும் கட்டி வரவழைத்தேன். கிறிஸ்துமஸ் வருவதற்குள் அது பரணுக்குப் போய்விட்டது. தொகுப்பின் மேல் குற்றமில்லை. ஆசிரியர் கையேட்டை நாள்தோறும் ஒன்றரை மணி நேரம் படித்து ஆயத்தம் செய்ய வேண்டியிருந்தது, எங்கள் வீட்டில் அதற்கு ஆள் இல்லை என்பதை வாங்குவதற்கு முன்னால் நான் நினைத்துப் பார்க்கவில்லை. ஆகையால் எந்தத் தொகுப்பு என்பதற்கு முன்னால், யார் சொல்லிக்கொடுக்கப் போகிறார்கள், அவர்களுக்கு எத்தனை நேரம் கிடைக்கும் என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள்.

அபேகா, பிஜேயூ பிரஸ் என்ற இரண்டு பதிப்பகங்களின் நூல்களும் பாடநூல் வகையைச் சேர்ந்தவை. முன்னது புளோரிடாவிலுள்ள பென்சகோலாவிலிருந்தும் பின்னது தென் கரோலினாவிலுள்ள கிரீன்வில்லிலிருந்தும் வருகின்றன. இரண்டும் அமெரிக்கக் கிறிஸ்தவப் பள்ளிகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அபேகாவின் வரிசையில் மூன்றாம் வகுப்பில் அமெரிக்கப் பெரியோரின் வாழ்க்கை வரலாறுகள், நான்காம் வகுப்பில் அமெரிக்க வரலாறு, ஐந்தாம் வகுப்பில்தான் பழைய உலகத்தின் வரலாறும் புவியியலும் வருகின்றன. நம் மாநிலப் பாடநூல் நம் பிள்ளைகளுக்காக எழுதப்படுவதைப் போல அவர்கள் தங்கள் பிள்ளைகளுக்காக எழுதியிருக்கிறார்கள். அதைக் குறை சொல்வது முறையாகாது. ஆனால் வகுப்பு எண்ணைப் பார்த்து வரிசையாக வாங்கிக்கொண்டே போனால், நம் குழந்தை பத்து வயது வரை வாஷிங்டனையும் லிங்கனையும் மட்டுமே அறிந்திருப்பாள்.

உங்கள் கணவர் விரும்புவதற்கு மிக அருகில் இருப்பது மிஸ்டரி ஆஃப் ஹிஸ்டரி. லிண்டா லாகூர் ஹோபர் எழுதிய நான்கு தொகுதிகளில் முதலாவது படைப்பில் தொடங்கி இயேசுவின் உயிர்த்தெழுதலில் முடிகிறது. வாரத்துக்கு மூன்று பாடங்கள். ஒரே பாடத்துக்குச் சிறியவர், நடுத்தர வயதினர், பெரியவர் என்று தனித்தனிச் செயல்பாடுகள் இருப்பதால், பிள்ளைகள் பலர் உள்ள வீட்டுக்கு மிகவும் உதவும். சுசன் வைஸ் பாயர் எழுதிய ஸ்டோரி ஆஃப் த வேர்ல்ட் வேறு விதமானது. அதுவும் நான்கு தொகுதிதான். உரக்க வாசித்துக் காட்டுவதற்கென்றே எழுதப்பட்டது. ஆசிரியர் கிறிஸ்தவர் என்றாலும் நூல் போதனை செய்வதில்லை. நாடோடி மக்களிடமிருந்து தொடங்குகிறது. ஆபிரகாமும் யோசேப்பும் எகிப்துக்கும் சுமேரியாவுக்கும் இடையில் தங்கள் இடத்தில் வருகிறார்கள். மொகஞ்சதாரோவும் சித்தார்த்தரும் மௌரியரும் உண்டு. தென்னிந்தியாவுக்கு நீங்கள் வேறு நூல்களைத்தான் நாட வேண்டும்.

சோன்லைட் என்ற தொகுப்பு கதைநூல்களை அடிப்படையாகக் கொண்டது. மிக நல்ல தேர்வுகள், ஆனால் மூட்டை மூட்டையாக நூல் வேண்டும். ஆம்பிள்சைட் ஆன்லைன் என்ற இணையப் பாடத்திட்டம் முற்றிலும் இலவசம். சார்லட் மேசன் என்ற ஆங்கிலேயக் கல்வியாளரின் வழியைப் பின்பற்றுவது. ஆனால் அதில் முதல் ஆண்டு வரலாறு 1905-இல் வெளிவந்த ஓர் இங்கிலாந்து வரலாற்று நூலிலிருந்து தொடங்குகிறது. உங்கள் மகள் அங்கேயும் அதே கேள்வியைக் கேட்பாள். கப்பல் மட்டும் வேறாக இருக்கும்.

நாங்கள் கடைசியில் நிலைத்தது ஸ்டோரி ஆஃப் த வேர்ல்டில். மாலையில் ஓர் அத்தியாயத்தை நான் படித்துவிட்டுத் தமிழில் சொல்வேன், ஒரே முறைதான். உடனே பையன்கள் தங்கள் வார்த்தைகளில் திரும்பச் சொல்ல வேண்டும். இது சார்லட் மேசனின் முறை. நம் பாட்டிமார்களிடம் கதை கேட்டு வளர்ந்தவர்களுக்குப் புதிதல்ல. தொடர்புடைய வேதபகுதியை மறுநாள் காலைக் குடும்ப ஜெபத்தில் வாசிப்போம். கி.மு. 701-இல் அசீரிய ராஜாவாகிய சனகெரிப் எருசலேமை முற்றுகையிட்டதைப் படித்தபோது, அவனுடைய அரண்மனைக் களிமண் சாசனத்தில் யூதாவின் ராஜாவாகிய எசேக்கியாவைக் கூண்டுப் பறவையைப் போல அடைத்துவைத்ததாக மட்டுமே எழுதியிருக்கிறது, நகரத்தைப் பிடித்ததாக எழுதவில்லை என்று சொன்னேன். மூத்தவன் சிறிது நேரம் யோசித்துவிட்டு, "பிடித்திருந்தால் எழுதியிருப்பானே, அப்பா" என்றான். பரணிலிருந்த தொகுப்பு ஓர் ஆண்டு முழுவதும் கொடுக்காததை அந்த ஒரு மாலை கொடுத்தது.

ஓய்வுபெற்ற வரலாற்றாசிரியை எழுதியது:

அன்பு மகளுக்கு, நான் கத்தோலிக்க மரபைச் சேர்ந்தவள்; முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்று, இப்போது உங்கள் மலையிலேயே வசிக்கிறேன். அஸ்தம்பட்டித் தம்பி எழுதியவற்றில் பெரும்பாலானவற்றை ஏற்றுக்கொள்கிறேன். ஒன்றை மட்டும் அவர் சொல்லாமல் விட்டுவிட்டார். கிறிஸ்தவப் பாடத்திட்டம் என்று விற்கப்படுபவற்றில் பல சீர்திருத்த சபையாரால் எழுதப்பட்டவை. ஐரோப்பிய இடைக்காலத்துக்கு வந்தவுடன் அவற்றின் தொனி மாறிவிடுவதுண்டு. நீங்கள் எந்தச் சபையாராக இருந்தாலும், வாங்குமுன் லூத்தரைப் பற்றிய பாடத்தையும் இந்தியாவைப் பற்றிய பாடத்தையும் முதலில் திருப்பிப் பாருங்கள். அந்த இரண்டையும் நிதானத்தோடு எழுதியவர் மற்றவற்றையும் ஏறக்குறைய நிதானத்தோடுதான் எழுதியிருப்பார்.

உங்கள் மகள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். எட்டு வயதுக் குழந்தைக்கு 'நம்' என்ற சொல்லை உண்மையாகச் சொல்லக்கூடிய இடத்திலிருந்து வரலாற்றைத் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதற்காக விவிலியத்தை விட்டு விலக வேண்டியதில்லை. சீசருக்கு வரி கொடுப்பது முறையா என்று கேட்டவர்களிடம் இயேசு தெனாரியம் என்ற ரோம வெள்ளிக்காசு ஒன்றை வாங்கி, அதில் உள்ள உருவம் யாருடையது என்று கேட்டாரே, அது ரோமப் பேரரசர் திபேரியு சீசரின் காசு என்றே அறிஞர்களில் பெரும்பாலோர் கருதுகிறார்கள். அதே திபேரியுவின் வெள்ளிக்காசுகள் 1842-இல் கோயம்புத்தூரை அடுத்த வெள்ளலூரில் ஒரு புதையலாகக் கிடைத்தன. மிளகும் கொங்கு நாட்டுப் பச்சைக்கல்லும் ரோமாபுரிக்குப் போன வழியில் திரும்பி வந்த காசுகள் அவை. இதை என் வகுப்பில் சொன்ன ஒவ்வோர் ஆண்டும், அதுவரை சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை ஒன்றாவது திரும்பி என்னைப் பார்க்கும். சாலமோனின் கப்பல்கள் கொண்டுவந்த மயிலுக்கு எபிரேயத்தில் வழங்கும் 'துக்கி' என்ற சொல் தமிழ்த் 'தோகை'தான் என்று கால்டுவெல் கருதினார். எஸ்தர் நூலின் முதல் வசனத்திலேயே இந்தியாவின் பெயர் வருகிறது. உங்கள் வீட்டுச் சுவரில் உள்ள உலகப் படத்தில் எருசலேமுக்கும் சேலத்துக்கும் இடையே ஒரு நூலைக் கட்டிவிட இவ்வளவு போதும்.

திருச்சபை வரலாறு ஐரோப்பாவோடு முடிந்துவிடுமோ என்று அஞ்ச வேண்டாம். 1606-இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி 1623-இல் சேலத்துக்கும் வந்தார். 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்குவின் உழைப்பால் தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-இல் அச்சில் நிறைவடைந்தது. வீரமாமுனிவரின் தேம்பாவணியிலிருந்து நான்கு பாடல்களைக் குழந்தை மனப்பாடம் செய்யலாம். பொருள் பிறகு வரட்டும். நற்செய்தியாளர்களும் கும்பினியாரும் ஒரே கூட்டம் என்ற எண்ணம் நம்மைச் சுற்றியுள்ளவர்களிடமும் சில வெளிநாட்டு நூல்களிலும் ஒருசேர இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி மிஷனரிகளை வெகுகாலம் விரும்பவில்லை. 1793-இல் வந்த வில்லியம் கேரி 1800-இல் டேனியர்களின் செராம்பூரில் போய்த் தங்க வேண்டியிருந்தது. 1813-ஆம் ஆண்டுச் சாசனச் சட்டத்துக்குப் பிறகே அந்தத் தடை தளர்ந்தது. இதை ஒன்பது வயதில் தெரிந்துகொண்ட பிள்ளை பதினைந்து வயதில் யாருடைய கேலிக்கும் திகைத்து நிற்காது.

இனி, உங்கள் கணவர் எழுப்பிய படைப்புப் பற்றிய கேள்வி. நீங்கள் இருக்கும் ஊரிலேயே அதற்கு ஒரு நல்ல வாசல் இருக்கிறது. இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் தந்தை என்று போற்றப்படும் இராபர்ட் புரூஸ் ஃபூட் 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார்; அதே ஆண்டு அத்திரம்பாக்கத்தில் மேலும் பல கிடைத்தன. பணி ஓய்வுக்குப் பின் அவர் வாழ்ந்தது ஏற்காட்டில். 1912-இல் மறைந்த அவருடைய நினைவிடம் இங்குள்ள தூய திரித்துவ ஆலயத்தில் இருக்கிறது. அவருடைய மாமனார் யார் தெரியுமா? யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணையாகக் கொண்டு விவிலியத்தைத் தமிழில் பெயர்த்த பீட்டர் பெர்சிவல் பாதிரியார். கற்கோடரியும் விவிலிய மொழிபெயர்ப்பும் ஒரே குடும்பத்துக்குள் இருந்திருக்கின்றன. ஒரு பிற்பகல் மகளை அங்கே அழைத்துச் சென்று, கிறிஸ்தவர்களுக்குள்ளேயே பூமியின் வயதைப் பற்றி ஒத்த கருத்து இல்லை என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். மறைத்தால் வேறொருவர் சொல்லுவார்.

அஸ்தம்பட்டித் தகப்பன் எழுதியது:

டீச்சர் அம்மாவுக்கு நன்றி. வெள்ளலூர்க் காசு எனக்கே புதிய செய்தி. இன்று மாலைப் பாடம் அதுதான். ஆயினும் ஓர் எச்சரிக்கை. உள்ளூரில் தொடங்கிச் சுவையான செய்திகளையே தொடர்ந்து சொல்லிக்கொண்டிருந்தால், எது முன்னால் எது பின்னால் என்ற ஒழுங்கு குழந்தைக்கு வராமல் போகும். என் இளையவன் ஒரு காலத்தில் மோசேயும் திப்பு சுல்தானும் சந்தித்துக்கொண்டிருக்கக்கூடும் என்று நம்பிக்கொண்டிருந்தான். முதுகெலும்பாக ஒரு வரிசையான நூல் அவசியம். படைப்புப் பற்றிய பாடங்களில் நான் டீச்சர் அம்மாவைவிடப் பழைமையானவன்; அதனால் அவற்றை எந்த நூலிடமும் விடாமல், நானே வேதத்தைத் திறந்துவைத்துச் சொல்லிவிடுகிறேன். ஸ்டோரி ஆஃப் த வேர்ல்டைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

பண்ணவாடிக்காரி எழுதியது:

தேர்வைப் பற்றி மட்டும் சொல்கிறேன், அக்கா. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை கல்வியை உறுதி செய்கிறது. வீட்டுக்கல்வியைப் பற்றி அதில் தனிப் பிரிவு இல்லை. தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் மூன்றாம், ஐந்தாம், எட்டாம் வகுப்புகளுக்கு இணையான நிலைகள் உண்டு. பத்தாம் வகுப்புக்கு இணையான தேர்வை 14 வயது நிறைந்தவர் எழுதலாம். நம் மாநிலத்தில் பன்னிரண்டரை வயது நிறைந்தவர் எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுத வழி இருக்கிறது. எந்த வழியில் போனாலும் எட்டு வயதில் படித்த வரலாறு இடையூறாகாது. மாநில ஆறாம் வகுப்புச் சமூக அறிவியல் நூலை இப்போதே இணையத்திலிருந்து இலவசமாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். வரலாறு என்றால் என்ன, மனிதர்களின் பரிணாம வளர்ச்சி, சிந்துவெளி, தமிழ்நாட்டின் பண்டைய நகரங்கள் என்ற வரிசையில் முதல் பருவம் போகும். பூம்புகார், மதுரை, காஞ்சி பற்றிய பாடத்தை மகளுக்கு இந்த ஆண்டே வாசித்துக் காட்டலாம்.

கோடையில் மேட்டூர் அணை நீர்மட்டம் நன்றாக இறங்கும்போது எங்கள் பக்கம் வாருங்கள். அணை கட்டப்பட்டபோது மூழ்கிய பழைய ஊரின் தேவாலயக் கோபுரங்கள் தண்ணீருக்கு மேலே தெரியும்; இன்னும் இறங்கினால் சிவன் கோயில் நந்தியும் தெரியும். 1934-இல் அணை முடிந்தது. எங்கள் தாத்தாவின் அப்பா ஞானஸ்நானம் பெற்றது அந்தத் தேவாலயத்தில்தான் என்று வீட்டில் சொல்வார்கள்.

காப்பித்தோட்டத்து அம்மா (ஏற்காடு) எழுதியது:

பதில் எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. என் கணவரோடு பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். ஸ்டோரி ஆஃப் த வேர்ல்ட் முதல் தொகுதியைப் பழைய பிரதியாக வாங்கப் போகிறோம். வாரத்தில் மூன்று நாள் அது, ஒரு நாள் நம் நாட்டுப் பாடம். ஆதியாகமத்தை அவரே சொல்லிக்கொடுப்பதாக ஏற்றுக்கொண்டார்.

நேற்று ஒரு காரியம் செய்தோம். காப்பி உலர்த்தும் களம் இந்த மாதங்களில் காலியாகத்தான் இருக்கிறது. அதில் சுண்ணாம்பால் நீளமாகக் கோடு இழுத்து, எடுத்து வைக்கும் ஓர் எட்டுக்கு நூறு ஆண்டு என்று கணக்கு வைத்து, மகளைப் பின்னோக்கி நடக்கச் சொன்னேன். மூன்றாம் எட்டில் தரங்கம்பாடி அச்சகம். இருபதாம் எட்டில் திபேரியுவின் காசு. இருபத்தைந்தைத் தாண்டியதும் நேபுகாத்நேச்சார். நாற்பதுக்குப் பக்கத்தில் ஆபிரகாம். அயர்லாந்துப் பேராயர் அஷர் 1650-இல் கணக்கிட்ட கி.மு. 4004 அறுபதாம் எட்டில் முடிந்தது. களமும் ஏறக்குறைய அங்கேயே முடிந்தது.

ஒவ்வோர் இடத்திலும் ஒரு காப்பிக் கொட்டையை வைத்துக்கொண்டே போனவள், கடைசியில் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, "ஃபூட் ஐயாவின் கல்லை எங்கே வைப்பது?" என்று கேட்டாள். அத்திரம்பாக்கத்துக் கற்கருவிகளுக்கு ஆய்வாளர்கள் சொல்லும் வயது ஏறக்குறைய 15 இலட்சம் ஆண்டுகள். அந்தக் கணக்குப்படி பதினைந்தாயிரம் எட்டு நடக்க வேண்டும் என்றேன். அவள் வேலிக்கு அப்பால், சேலத்துக்கு இறங்கும் மலைப்பாதை இருக்கும் திசையைப் பார்த்தாள். "எத்தனை கொண்டை ஊசி வளைவு வரும்?" என்று அவள் கேட்க, அவளுடைய அப்பா கணக்குப் போட உட்கார்ந்தார். கொட்டை இன்னும் அவள் சட்டைப்பையில் இருக்கிறது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் தூய திரித்துவ ஆலயத்துக்குப் போகிறோம். அந்த வழியாக வந்தால் டீச்சர் அம்மாவையும் பார்த்துவிட்டு வர அனுமதி உண்டா?